நிலக்கரி நிமிர்ந்த மத்தியானம்

பொழிச்சலூருக்கு மேலே விமானம் தாழ்ந்து இறங்கும்போது எங்கள் பரிசோதனைக் கூடத்தின் பின்னறையில் ஒரு முள் நடுங்கும். டயல் கேஜ் என்று சொல்கிற அளவுமானியின் முள் அது. உள்ளங்கை அகல வட்டம், சுற்றிலும் பொடிப் பொடியாகக் கோடுகள். ஒரு கோடு என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. விமானம் கூரைக்கு மேல் போகையில் முள் இப்படி அரைக் கோடு, அப்படி அரைக் கோடு ஆடிவிட்டு, தூக்கத்தில் புரண்டு படுத்தவள் மாதிரி மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிடும். அந்த முள்ளுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து போன வருடம் புரட்டாசி மாதத்தைக் கழித்தேன்.

முள் காட்டிக்கொண்டிருந்தது ஒரு நிலக்கரித் துண்டின் உயரத்தை. வடக்கே ஏதோ ஒரு சுரங்கத்திலிருந்து, மெழுகு பூசி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, மரப்பெட்டிக்குள் மரத்தூளில் படுத்து வந்தது அது. ஆறு துண்டுகள் வந்தன. நிலக்கரிக்குள் பிறவியிலேயே மெல்லிய பிளவுகள் இருக்கும். வெட்டும் சக்கரம் பட்டதும் அந்தப் பிளவு வழியாக அது தன் பாட்டுக்குக் கழன்றுவிடும். ஐந்து துண்டுகள் அப்படி எங்கள் கையிலேயே கரித்தூளாகப் போயின. மிஞ்சியது ஒன்று. இரண்டு விரல் அகலம், நாலு விரல் உயரம், உருண்டையான சின்னத் தூண்.

அந்தச் சுரங்கத்தில் கரியை எடுக்கும்போது மேல்கூரை விழாமலிருக்க அங்கங்கே கரியையே தூணாக விட்டுவிடுவார்களாம். அந்தத் தூண்களுக்கு நடுவே ஆட்கள் நடப்பார்கள், வண்டி ஓடும். ஒரு தூண் இன்றைக்குத் தாங்குகிற பாரத்தை அடுத்த வருடமும் தாங்குமா என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. அதற்கு ஒரே வழி, சுமையை ஏற்றி வைத்துவிட்டுக் கூடவே உட்கார்ந்திருப்பது. க்ரீப் டெஸ்ட் என்று அதற்குப் பெயர். எங்களிடம் அதற்கு ஒரு இரும்புச் சட்டம் இருந்தது. நீளமான நெம்புகோல். அதன் ஒரு முனையில் ஐந்து கிலோ இரும்புத் தட்டுகள் ஒன்பது தொங்கும். நெம்புகோல் அந்தச் சுமையை இருபது மடங்காக்கிக் கரியின் தலையில் வைக்கும். கரண்ட் தேவையில்லை, மோட்டார் கிடையாது. முப்பது நாள் அப்படியே நிற்க வேண்டும். நடுவில் ஒரு நிமிடம் கூட இறக்கக் கூடாது.

எங்கள் கூடத்துத் தலைவரை நான் சார் என்று கூப்பிடுவேன். அதிகம் பேசாத மனிதர். தட்டுகளை ஏற்றிய அன்று அவர் என்னிடம், "இத நீயே பாத்துக்கோம்மா. ரிப்போர்ட்ல டெஸ்டட் பைன்னு உன் பேர்தான் போகும்" என்றார்.

அன்று கோவிலம்பாக்கத்தில் இருக்கும் வீட்டுக்குப் போகும் வரை இரண்டு ஷேர் ஆட்டோவிலும் ஒரு பஸ்ஸிலும் எனக்கு அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான் கேட்டது. எங்கள் வீட்டில் யார் பெயரும் அச்சில் வந்தது ரேஷன் கார்டிலும் வாக்காளர் அட்டையிலும் மட்டுமே. அம்மாவுக்கு ஒன்றில் அவள் அப்பாவின் இனிஷியல், மற்றதில் என் அப்பாவின் இனிஷியல். பள்ளிக்கூடம் போய் முடித்தது எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். தாம்பரத்தில் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா வாங்கினேன். அதைச் சொல்லிக்கொள்ள நான் கூச்சப்பட்டதே இல்லை. இப்போதும் படவில்லை.

அமுக்கினால் உடையும் என்பது எல்லோருக்கும் தெரியும். உடைவதற்கு முன்னால் நடப்பதெல்லாம் இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முன்ஹாலில் பெரிய கம்ப்ரெஷன் மெஷின் இருக்கிறது. அதில் பல்லாவரம் மலைக் கல்லை வைத்து அமுக்கினால், கல் எதுவுமே சொல்லாது. எண் ஏறிக்கொண்டே போகும். மெஷினே மூச்சுப் பிடிப்பது போலிருக்கும். பிறகு ஒரே வெடி. கூண்டுக்குள் சில்லு சில்லாகச் சிதறும், தீக்குச்சி கிழித்த மாதிரி ஒரு வாசனை வரும். அந்த மெஷினை ஓட்டும் அண்ணா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, "இவன் ரோஷக்காரன், சொல்லாம கொள்ளாம பூடுவான்" என்பார். மணற்கல் சாய்வாக ஒரு கோடு போட்டுக்கொண்டு அந்த வழியாகச் சறுக்கும். நிலக்கரி ஆரம்பத்திலிருந்தே பேசும். காதை அருகில் வைத்தால், பாத்திரத்தில் ஒட்டிய கடைசித் தண்ணீர் சுண்டுகிற மாதிரி சின்னச் சின்னச் சத்தம்.

எங்கள் கரித்தூணின் மேலிருந்த பாரம் அதை உடனே உடைக்கிற அளவு கிடையாது. பாதிக்குக் கொஞ்சம் மேல். முதல் நாள் அது வேகமாக அமுங்கியது. இரண்டாம் நாள் கொஞ்சம். பிறகு ஒரு நாளைக்கு மூன்று கோடு, நான்கு கோடு என்று ஒரு நிதானத்துக்கு வந்தது. கடைசிக் காலத்தில், அப்படி ஒரு காலம் வந்தால், மறுபடி வேகம் பிடிக்கும். அப்போது உடையப் போகிறது என்று அர்த்தம். நடுவில் இருக்கும் அந்த நிதானம் எத்தனை நாள் என்பது கரிக்கு மட்டும்தான் தெரியும்.

நாலாவது நாளிலிருந்து அந்த அறையில் எனக்கு நேரம் வேறு மாதிரி போயிற்று. சூடு மாறினால் கரியின் உயரமும் மாறும் என்பதால் ஏசி ஒரே அளவில் ஓடிக்கொண்டிருக்கும். ஜன்னலுக்கு நீலத் திரை. வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. நீல வெளிச்சத்தில் கரி மட்டும் பளபளக்கும். உற்றுப் பார்த்தால் அதில் அடுக்கு அடுக்காகப் பளபளப்பும் மங்கலும் மாறி மாறி இருக்கும். பளபளப்பான அடுக்கு ஒரு காலத்தில் மரம், மங்கலானது இலையும் சேறும் என்று படித்திருக்கிறேன். ஒரு மணிக்கொரு தரம் எண்ணை எழுதிவிட்டு அந்த அடுக்குகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு காடு மெதுவாகப் படுக்கிறது. அதன் மேல் சேறு, சேற்றின் மேல் இன்னொரு காடு. இத்தனை காலம் படுத்திருந்தது இன்னும் மூன்று கோடு படுக்க என் கண் முன்னால் ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது. நான் விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று சில சமயம் எனக்கே தெரியாது. விமானம் வரும், முள் நடுங்கும், பேனாவை எடுப்பேன்.

வெளியே வந்தாலும் அது விடவில்லை. பல்லாவரம் பெரிய ஏரி ஓரத்தில் பஸ் போகும்போது மேம்பாலத் தூண்களைப் பார்ப்பேன். ஒவ்வொன்றும் இந்த நொடியில் எவ்வளவு அமுங்கிக்கொண்டிருக்கும் என்று தோன்றும். முன் சீட்டோரம் பள்ளிப் பையைச் சுமந்து நிற்கும் பிள்ளையின் தோளைப் பார்ப்பேன். எல்லாமே ஏதோ ஒன்றைத் தாங்கிக்கொண்டு, யாரும் அளக்காத அளவில் இறங்கிக்கொண்டிருப்பதாகப் படும். அதில் பயம் ஒன்றும் இல்லை. தண்ணீருக்கடியில் கண்ணைத் திறந்து வைத்திருப்பது மாதிரி ஒரு அமைதி.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்பாள். "இன்னாடி, இன்னிக்கு எவ்ளோ எறங்குச்சி?"

"மூணு கோடும்மா."

"நாளெல்லாம் குந்திகினு இருந்து மூணு கோடா? அந்த வேலைய எனக்கு வாங்கிக் குடுடி. நான் நாலு கோடு காட்றேன்."

அம்மா கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனிக் கட்டிடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறாள். அதற்கு முன்னால், நான் சின்னப் பிள்ளையாக இருந்த வரை, நன்மங்கலம் பக்கத்தில் கல்குவாரியில் ஜல்லிக் கூடை சுமந்தாள். குவாரி மூடி வெகு காலமாகிறது. பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது, சுற்றிக் கம்பிவேலி. அங்கே போக வேண்டும் என்று அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் கழுத்தில் அது இருக்கிறது. காலையில் எழுந்து தலை பின்னும்போது சொல்வாள்: "ராவு படுத்து எழுந்தா ஒரு வெரக்கட உசந்துட்டா மாதிரி கீது. பஸ் ஏறினா போச்சு."

இருபத்து மூன்றாம் நாள் ஆயுத பூஜை வந்தது. எங்கள் கூடத்தில் அன்று மதியம் எல்லா மெஷினையும் நிறுத்தி, எண்ணெய் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைப்போம். அடுத்த நாள் யாரும் தொட மாட்டார்கள். வேலை செய்பவர்களின் வீட்டு ஆட்களும் வருவார்கள். முந்தைய இரண்டு வருடமும் நான் அம்மாவைக் கூட்டிப் போகவில்லை. அவளுக்கு லீவு கிடைக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த வருடம் எனக்கென்று ஒரு அறை இருந்தது. அதைக் காட்ட வேண்டும் என்று ஆசை. அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற மாம்பழக் கலர் சேலையில் வந்தாள். செருப்பைத் தெருவிலேயே கழற்றப் போனாள். நான் தடுத்தேன்.

முன்ஹாலில் மெஷின் அண்ணா குங்குமக் கிண்ணத்தோடு சுற்றிக்கொண்டிருந்தார். "வாங்கம்மா, வாங்க. கால்குலேட்டருக்கு வெச்சாச்சு, ஏசி ரிமோட்டுக்கு வெச்சாச்சு. சார் நெத்திதான் பாக்கி."

அம்மா சிரிப்பை முந்தானையில் மறைத்தாள். நான் அவளைப் பின்னறைக்குக் கூட்டிப் போனேன். கதவில் என் கையெழுத்தில் ஒரு அறிவிப்பு. 'பரிசோதனை நடந்துகொண்டிருக்கிறது. யாரும் எதையும் தொடக் கூடாது.' தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. எழுத்து நேராக வர வேண்டுமென்று மூன்று முறை எழுதி, லேமினேட் செய்து ஒட்டியிருந்தேன். அம்மா அதைப் பார்த்து, "உன் எழுத்தா? கோலம் மாதிரி கீது" என்றாள்.

உள்ளே முள்ளைக் காட்டினேன், கரியைக் காட்டினேன், தொங்கும் தட்டுகளைக் காட்டினேன். இத்தனை நாளாகச் சுமந்துகொண்டிருக்கிறது என்றேன். அவள் சட்டத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். மூன்று மணிக்கு எண்ணை எழுதினேன். நானூற்றுப் பன்னிரண்டு கோடு. முன்ஹாலில் மணியடித்தார்கள். சந்தனமும் குங்குமமும் வைத்திருந்த கிண்ணத்தை அம்மா கையில் கொடுத்துச் சொன்னேன்: "இந்த மெஷினுக்கு நீயே பொட்டு வெச்சிடும்மா. நான் போய் பொரித் தட்டு எடுத்தாந்துடுறேன்."

முன்ஹாலில் கற்பூரம் காட்டி முடிக்கும் வரை நின்றேன். ஒரு கால் மணி நேரம் இருக்கும். தட்டோடு திரும்பி வந்தபோது நெம்புகோலின் முனையில் ஒன்றுமே தொங்கவில்லை.

ஒன்பது தட்டுகளும் தரையில் செய்தித்தாள் விரித்து அதன் மேல் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் சந்தனம், நடுவில் குங்குமம். இரும்புச் சட்டத்தின் இரண்டு கால்களிலும் பொட்டு, நெம்புகோலின் நெற்றியில் ஒன்று. முள் இருந்த கண்ணாடியை மட்டும் அழுக்காகிவிடுமே என்று விட்டிருந்தாள். புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "எம்மாங் கனத்த தூக்கிகினு நிக்குது பாவம்" என்றாள். "நல்ல நாளும் அதுவுமா."

பொரித் தட்டு எப்போது கீழே போனது என்று தெரியவில்லை. காலடியில் பொரி நெறிபட்டது.

"என்னம்மா பண்ணிட்ட?"

"எறக்கி வெச்சேன்டி. சுமையோட இருக்கறதுக்கு எப்டிப் பொட்டு வெக்கறது?"

"இருபத்து மூணு நாளும்மா! தொடக் கூடாதுன்னு கதவுல எழுதி ஒட்டியிருக்கேன். படிக்கத் தெரிஞ்சிருந்தா தொட்டிருப்பியா?"

அதை நான் சொன்னேன். அந்த அறையில், அவள் கோலம் என்று சொன்ன எழுத்தின் பக்கத்திலேயே நின்றுகொண்டு. அம்மா சந்தனம் படிந்த விரல்களைச் சேலையின் உள்பக்கத்தில் ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

முகத்தைத் திருப்பிக்கொள்ள எனக்கு இருந்த ஒரே இடம் அந்த முள்தான். அது நகர்ந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் ஒரே பக்கமாகப் போன முள், இப்போது வந்த வழியே, ஊரடங்கிய தெருவில் ஒருவர் தனியே திரும்பி நடப்பது போல, கோடு கோடாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கரி எழுந்துகொண்டிருந்தது.

பாரம் போன நொடியிலேயே அது பாதிக்கு மேல் குதித்துத் திரும்பியிருக்க வேண்டும். நான் பார்க்கும்போது முள் இருநூற்று நாலில் இருந்தது. அந்தக் குதிப்பை நான் பார்க்கவில்லை. மீதி இப்போது என் கண் முன்னால், சோம்பலாக. என்னை அறியாமலே பேனா கைக்கு வந்துவிட்டது.

"கடைசித் தட்டை எப்பம்மா எடுத்த?" என் குரல் இன்னும் கோபமாகத்தான் இருந்தது.

அம்மா யோசித்தாள். "தலைக்கு மேல ஒரு ப்ளேன் போச்சு பாரு, வூடே ஆடிச்சு. அப்போ கைல கட்சீ தட்டு."

சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது, சிவப்பு நொடி முள்ளோடு. நான் அதையும் டயலையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. சிவப்பு முள் உச்சிக்கு வரும்போதெல்லாம் சொல் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் கடிகாரத்துக்கு நேரே போய் நின்றாள். முதுகை நேராக்கிக்கொண்டு, கண்ணை எடுக்காமல்.

"வந்துச்சு."

இருநூற்று ஒன்று.

"வந்துச்சு."

நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.

அவள் குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. பஸ் வந்துவிட்டது என்று சொல்கிற குரல். நீலத் திரை, ஏசியின் முனகல், காலடியில் பொரி. அம்மாவின் 'வந்துச்சு'க்கும் அடுத்த 'வந்துச்சு'க்கும் நடுவில் அந்தக் கரி ஒரு கோடு நிமிரும், அப்புறம் அரைக் கோடு. எனக்குக் குவாரியின் ஆயுத பூஜை நினைவுக்கு வந்தது. அன்று கூடைகளையெல்லாம் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். லாரியில் ஒரு கல் இருக்காது. சம்மட்டிகள் தரையில் படுத்திருக்கும். பாரம் இருக்கும் எதற்கும் பொட்டு வைக்க மாட்டார்கள். அம்மா என்னை இடுப்பிலிருந்து இறக்கி நிற்க வைத்த பிறகுதான் யாரோ ஒரு பெண் அம்மாவின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். எனக்கு அது தெரிந்திருந்தது. தெரிந்தே கிண்ணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன்.

மெஷின் அண்ணா எட்டிப் பார்த்தார். ஒரு பார்வையில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தார்.

"அய்யய்யோ. ஒண்ணும் பேஜார் இல்ல. நான் ஏத்திடறேன், ரெண்டே நிமிஷம். தெனம் மூணு கோடுதானே? அதே கணக்குல எழுதிகினு போ. யாருக்குத் தெரியப்போவுது? கரியா வந்து சாட்சி சொல்லும்?"

அவர் கெட்டவர் அல்ல. என் பெயர் அச்சில் வர வேண்டும் என்று என் அளவுக்கு அவருக்கும் ஆசை இருந்தது. நானும் யோசித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அழகான நேர்க்கோடு ஒன்று மனதில் வந்து நின்றது. இன்னும் ஏழு நாள், ஏழு புள்ளிகள், கீழே என் பெயர். கூடவே அந்தக் கரித் தூண்களுக்கு நடுவே ஹெல்மெட் விளக்கோடு நடக்கிற யாரோ ஒருவரும் வந்தார். அவருடைய முகம் தெரியவில்லை, நடை மட்டும் அம்மாவின் நடை மாதிரி இருந்தது. நான் இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா "வந்துச்சு" என்றாள், கை எழுதியது. மறுபடி "வந்துச்சு" என்றாள், மறுபடி எழுதியது. எங்கள் பதிவேட்டில் மையால்தான் எழுத வேண்டும், அடிக்கக் கூடாது. நான் தலை நிமிர்ந்தபோது பக்கத்தில் பதினோரு எண்கள் இருந்தன.

"வேணாம்ணா" என்றேன். "உங்க போன்ல ப்ளேன் பாப்பீங்களே, அது இருக்கா? மூணு மணிக்கு மேல இந்தப் பக்கம் எது இறங்குச்சு?"

அவருக்கு விமானப் பைத்தியம். தலைக்கு மேல் எது போனாலும் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று போனில் பார்த்துச் சொல்லிவிடுவார். தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். "மூணு பதினொண்ணுக்கு ஒண்ணு. அதுக்கு முன்னாடி ரெண்டு ஐம்பதுக்குத்தான்." மூன்று பதினொன்று என்று எழுதினேன். நான் பூஜையில் நின்றுகொண்டிருந்த நேரம்.

சார் வந்தார். நெற்றியில் பெரிய குங்குமம். தட்டுகளைப் பார்த்தார், நெம்புகோலைப் பார்த்தார். "யாரு இறக்கினது?"

என் வாயிலிருந்து வந்தது, "நான்தான் சார்."

"அவ இல்ல சார்" என்றாள் அம்மா, கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நான். வந்துச்சுடி, எழுது."

நான் எழுதினேன். சார் என்னிடம், "இது வேற டெஸ்ட் ஆயிடுச்சும்மா. க்ரீப் டெஸ்ட்ல ஒரு நிமிஷம் இறக்கினாலும் க்ளையண்ட் ஒத்துக்க மாட்டான். ஆறுல ஒண்ணுதான் மிஞ்சிச்சு, தெரியும்ல?" என்றார். அவர் கோபப்பட்டுப் பார்த்ததில்லை. அன்று பட்டார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "ஒன்பதையும் நீங்களேவா?" என்றார்.

"இன்னா பெருசு சார். நாப்பது, நாப்பத்தஞ்சு கிலோ வருமா? ஒரு கூடைதான்."

சரியாக நாற்பத்தைந்து. சார் தட்டுகளை மறுபடி பார்த்தார். பிறகு என் பதிவேட்டைக் குனிந்து படித்தார், விரலை ஓட்டி, மேலிருந்து கீழே. "விடாம எடு" என்றார். "நாளைக்கும் வந்து எடு. ஏத்த வேணாம். எவ்வளவு தூரம் திரும்புதுன்னு பாத்துடலாம்."

மாலை பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஏரி வந்தது, போனது. மன்னிப்புக் கேட்கிற வாக்கியத்தை நான் பலமுறை உள்ளே எழுதி அடித்தேன். அதற்குப் பதிலாக இதைக் கேட்டேன்: "அம்மா, உன் பேர எந்த இனிஷியல் போட்டு எழுதட்டும்? ரேஷன் கார்டுல இருக்கறதா, வோட்டர் ஐடில இருக்கறதா?"

"இன்னாத்துக்கு? போலீசுக்கா?"

"இல்லம்மா. புக்ல ஒரு கட்டம் இருக்கு. சுமை ஏத்தினது யாரு, இறக்கினது யாருன்னு. ஏத்தினது நான்."

அவள் வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள். கீழ்க்கட்டளை தாண்டிய பிறகு, "ரேஷன் கார்டு" என்றாள். அவள் அப்பாவின் இனிஷியல். அடுத்த நாள் கூட வருகிறாயா என்று கேட்டதற்கு, "நான் வர்ல. என் கை சும்மா இருக்காது" என்றாள். சிரிக்கவில்லை. நான் சொன்னது அவளுக்குள் இன்னும் திரும்பாமல் இருந்தது.

விடுமுறை நாளில் தனியாக அந்த நீல அறையில் உட்கார்ந்து எழுதினேன். நிமிடத்துக்கு ஒரு கோடாக இருந்தது மணிக்கு ஒன்றாக ஆயிற்று. பிறகு பாதியாயிற்று. இரண்டாம் நாள் மாலை முள் நூற்று முப்பத்தொன்றில் நின்றுவிட்டது. விமானங்கள் போயின, நடுங்கியது, மறுபடி அங்கேயே நின்றது. அந்த நூற்று முப்பத்தொன்று கோடு அளவுக்குக் கரிக்குள் ஏதேதோ சின்னச் சின்னதாக விரிசல் விட்டு, சறுக்கி, இனி திரும்ப வராத இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். வெளியே ஒரு கீறல் கூடத் தெரியவில்லை.

சுரங்கக்காரர்கள் அதை முப்பது நாள் பரிசோதனையாக ஒத்துக்கொள்ளவில்லை. வேறு பெட்டி அனுப்பினார்கள், தீபாவளிக்குப் பிறகு எல்லாம் முதலிலிருந்து. அதில் மூத்தவர் ஒருவரின் பெயர் போனது. ஆனால் சார் இந்த எண்களை மட்டும் தனியே இரண்டு பக்கமாகச் சேர்த்து, கூடுதல் கவனிப்பு என்று தலைப்பிட்டு அனுப்பினார். இருபத்து மூன்று நாள் சுமையும் இரண்டு நாள் ஓய்வும். கீழே என் பெயர். பின்னால் பதிவேட்டுப் பக்கத்தின் நகல். புதுத் துண்டைச் சட்டத்தில் ஏற்றிய அன்று கதவுக்கு வேறு அறிவிப்பு செய்தேன். எழுத்தைச் சின்னதாக்கி, மேலே ஒரு கையை வரைந்து, குறுக்கே சிவப்புக் கோடு போட்டேன். கை கொஞ்சம் தடியாக வந்துவிட்டது. மணிக்கட்டில் வளையல் போடாததுதான் குறை என்று மெஷின் அண்ணா சொன்னார்.

அந்த இரண்டு பக்கத்தையும் பதிவேட்டு நகலையும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாங்கினாள். என் பெயர் எது என்று கேட்டாள், காட்டினேன். அவள் பெயரைக் காட்டினேன், இறக்கியவர் என்ற இடத்தில். அதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. வரைபடம்தான் அவளைப் பிடித்து நிறுத்தியது. இடதுபக்கம் செங்குத்தாக ஏறி, நீளமாக ஒரே சாய்வில் போய், திடீரென்று கீழே விழுந்து, பிறகு மெல்ல மெல்லத் தணிந்து படுக்கும் ஒரு கோடு.

"இங்கதான் நான் எறக்கினது?" கோடு விழுகிற இடத்தில் சரியாக விரலை வைத்தாள்.

"ஆமாம்மா."

விரல் கோட்டின் கடைசி வரை மெதுவாகப் போயிற்று. நின்றது. கீழே அடிக்கோட்டுக்கும் அவள் விரலுக்கும் நடுவில் கொஞ்சம் வெள்ளை இருந்தது.

"முழுசா வர்லியே."

"வராதும்மா. கொஞ்சம் அப்படியே நின்னுடும்."

அம்மா இன்னொரு கையால் கழுத்தின் பின்பக்கத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "ஒரு நாள் சேத்து வுட்டிருந்தா?"

"வேணும்னா இன்னும் ஒரு கோடு, ரெண்டு கோடு வந்திருக்கலாம்."

"அப்போ அடுத்த பூஜைக்கு மூணு நாள் வுடச் சொல்லு உங்க சார" என்றாள். காகிதத்தை மடிக்காமல் ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் செருகப் பார்த்தாள். அது உள்ளே போகவில்லை. வெளியே எடுத்து, மறுபடி அந்தக் கோட்டைப் பார்க்க ஆரம்பித்தாள்.